நம்ம ஆளுங்க ஏன் இவ்ளோ தம் அடிக்கிறோம்?

அடையாறு_ஆலமரம் எழுதியது:

ரொம்ப நாளா இத எழுதணும்னு இருந்தேன், யாரும் கோச்சுக்காதீங்க. கே, லெஸ்பியன், பைசெக்சுவல், திருநர்னு நம்ம ஆளுங்க நடத்துற மீட்டப் எதுக்குப் போனாலும் உள்ள சேர் போட்டு உக்காந்து பேசுறவங்கள விட வெளிய மாடிப்படிகிட்ட புகை விட்டுட்டு நிக்கிற கூட்டம்தான் பெருசா இருக்கு. நானும் அந்தக் கூட்டம்தான், அதனால அட்வைஸ் பண்றேன்னு நினைக்க வேணாம்.

இது நம்மூரு கதை மட்டும் இல்ல. அமெரிக்காவுல சிடிசிங்கிற அரசு நோய்த் தடுப்பு மையம் எடுத்த கணக்குல 2016ல ஸ்ட்ரெயிட் ஆளுங்கள்ல (எதிர்பாலை மட்டும் விரும்புறவங்க) 15.3 சதவீதம் பேர் சிகரெட் பிடிச்சாங்க, லெஸ்பியன் கே பை (பைசெக்சுவல், ரெண்டு பாலையும் விரும்புறவங்க) மூணையும் சேத்துப் பாத்தா 20.5. 2020ல அது 12.3க்கு 16.1. ரெண்டு பக்கமும் குறைஞ்சுட்டுதான் வருது, ஆனா நடுவுல இருக்கிற கேப் மட்டும் மூட மாட்டேங்குது.

ஏன்னு கேட்டா எல்லாரும் ஐலன் மேயர்ங்கிற அமெரிக்க ஆய்வாளர் பேர சொல்றாங்க. 1995ல கே ஆண்கள பத்தி ஒரு கட்டுரை எழுதினாரு, 2003ல அத விரிச்சு இன்னொண்ணு. மைனாரிட்டி ஸ்ட்ரெஸ்னு பேரு. விஷயம் என்னன்னா எல்லாருக்கும் இருக்கிற வீட்டுக்கடன், பாஸ் தொல்லை, வயித்துவலி இதுக்கெல்லாம் மேல நமக்குன்னு தனியா ஒரு பாரம் இருக்கு. நேரடியா வாங்குற அவமானம், அடி, வேலை போறது ஒரு வகை. ஒண்ணுமே நடக்காத நாள்லயும் எங்க நடந்துடுமோன்னு உஷாரா இருக்கிறது இன்னொரு வகை. அப்புறம் மறைக்கிறது, அதாவது கார்த்திக்க போன்ல கார்த்திகான்னு சேவ் பண்ணி வச்சிருக்கிறது, லஞ்ச் டேபிள்ல ‘வீட்ல பொண்ணு பாக்குறாங்களா’ன்னு கேட்டா சிரிச்சு மழுப்புறது. கடைசியா ஊர் நம்மள பத்தி சொல்ற அசிங்கத்த நாமளே உள்ளுக்குள்ள நம்பிடுறது. இதுல பாதிக்கு மேல நடக்க யாரும் நம்மள கை நீட்டி அடிக்கவே வேணாம், நாமளே ராப்பகலா அந்த வேலைய பாத்துக்குறோம்.

சரி, ஒத்துக்கிறேன். ஆனா எனக்கு இடிக்கிறது ஒண்ணு இருக்கு. பாரம் இருக்குன்னா ஏன் குறிப்பா சிகரெட்டு? என் கணக்கு என்னன்னா சிகரெட்டு நமக்கு நிக்கிறதுக்கு ஒரு இடம் குடுக்குது. சும்மா ஒரு ஆம்பள ராத்திரி 9 மணிக்கு ஒரு தெருமுனைல தனியா நின்னா ‘யாருப்பா நீ, என்ன வேணும்’னு கேப்பான். கைல தம் இருந்தா எவனும் கேக்க மாட்டான். ஆப் எல்லாம் வராத காலத்துல பஸ் ஸ்டாண்டுலயும் பார்க்குலயும் ‘தீப்பெட்டி இருக்கா’ன்னு கேக்கிறதுதானே பேச்ச ஆரம்பிக்கிற வழி. வேண்டாத ஆளா இருந்தா தீப்பெட்டிய வாங்கிப் பத்த வச்சுட்டு தேங்க்ஸ் சொல்லிட்டு போயிடலாம், மானம் போகாது. வேற எந்தப் பொருள் அந்த வேலைய செய்யும் சொல்லுங்க.

மாட்டுத்தாவணி_மைனர் எழுதியது:

தோழர் ஒரு பேச்சுக்கு கேக்குறேன். டென்ஷன் யாருக்குய்யா இல்ல? எங்க அப்பா காலம்பூரா சொக்கலால் பீடி, மூட்டை தூக்குற வேலை, ஒரு கட்டு வாங்கினா மறுநாள் தாங்காது. அவருக்கு என்ன மைனாரிட்டி ஸ்ட்ரெஸ்ஸு, அஞ்சு புள்ளைக்கு சோறு போடணும்ங்கிற ஸ்ட்ரெஸ்ஸுதான். நம்ம பசங்க எதுக்கெடுத்தாலும் சமூகம் சமூகம்னு ஒரு லெக்சர் வச்சிருக்காய்ங்க. பிடிச்சிருக்கு, அடிக்கிறோம். விட முடியல, அதான் உண்மை. இதுக்கு எதுக்கு அமெரிக்காக்காரன் கட்டுரை?

ஸ்டெத்_மறந்த_டாக்டர் எழுதியது:

நான் சைக்கியாட்ரில பிஜி பண்ணிட்டு இருக்கேன், அதனால மைனர் அண்ணனுக்கு ஒரு பதில் கடன்பட்டிருக்கேன்.

உங்க அப்பா விஷயத்துல நீங்க சொல்றது சரிதான். பல நாடுகள்ல ஏழ்மை அதிகம் இருக்கிற இடத்துல புகையும் அதிகம், அது தனிப் பாரம். இங்க பேச்சு என்னன்னா அதே சம்பளம், அதே படிப்பு, அதே வயசுல ஒரு ஸ்ட்ரெயிட் ஆளையும் நம்ம ஆளையும் பக்கத்துல வச்சுப் பாத்தாலும் வித்தியாசம் தெரியுதுங்கிறதுதான். அதுலயும் பைசெக்சுவல் பெண்கள் மத்தியிலதான் ரொம்ப அதிகம்னு திரும்பத் திரும்ப வருது, ஸ்ட்ரெயிட் பெண்களோட ஒப்பிட்டா அந்த வித்தியாசம் நல்லா பெருசு.

ஆலமரம் கேட்ட ‘ஏன் சிகரெட்டு’க்கு மருந்தியல் பக்கமும் ஒரு பதில் இருக்கு. ஒரு இழுப்பு இழுத்தா 10லேர்ந்து 20 செகண்டுக்குள்ள நிகோட்டின் மூளைக்குப் போயிடும், ஊசி போட்டா கூட அவ்ளோ வேகம் வராது. ரெண்டு மணி நேரத்துல ரத்தத்துல பாதியா குறைஞ்சிடும். குறைய ஆரம்பிச்சதும் எரிச்சல், படபடப்பு, மனசு ஒரு இடத்துல நிக்காது. அப்ப இன்னொண்ணு பத்த வச்சா அடங்குது, உடனே நாம ‘அப்பாடா, தம் அடிச்சா ரிலாக்ஸா இருக்கு’ன்னு முடிவு பண்ணிக்கிறோம். கந்துவட்டிக்காரன்கிட்ட காலைல வாங்கி சாயங்காலம் அவன் கடனையே அவன்கிட்ட வாங்கி அடைக்கிற கதை, ஆனா நம்ம கண்ணுக்கு அவன் ஆபத்பாந்தவனா தெரியுறான்.

இதுல நம்ம ஆளுங்களுக்கு ஒரு ஸ்பெஷல் சிக்கல் இருக்கு, நான் ஓபில பாக்குறது இது. எப்பவும் உஷாரா இருக்கிற உடம்பு, அதாவது தோள் இறுகி, நெஞ்சு வேகமா அடிச்சு, யாரு பாக்குறாங்கன்னு ஒரு கண்ணு சுத்திட்டே இருக்கிற நிலைமை. நிகோட்டின் குறையும்போது வர்ற படபடப்பும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். எது மச்சான் போன் பண்ணினதால வந்துச்சு, எது கடைசி சிகரெட்டு அடிச்சு ரெண்டு மணி நேரம் ஆனதால வந்துச்சுன்னு ஆளுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. ரெண்டுக்கும் ஒரே வைத்தியம் பண்ணிக்கிறாங்க. 2014ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல பல ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்து ஒரு கட்டுரை வந்துச்சு, விட்டவங்களுக்கு கவலை, டிப்ரஷன், ஸ்ட்ரெஸ் மூணுமே குறையுதுன்னு. குறையுற அளவு டிப்ரஷன் மாத்திரை குடுக்கிற பலனுக்குக் குறைஞ்சதில்லன்னு எழுதியிருந்தாங்க. விட்டா பைத்தியம் பிடிச்சிடும்னு சொல்ற என் நண்பர்களுக்கு இத வாட்ஸ்அப்ல அனுப்பினேன், ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல.

சும்மா_ஒருத்தன் எழுதியது:

நான் எதுக்கு ஆரம்பிச்சேன்னு சொல்றேன். ஹாஸ்டல்ல என் நடை, குரல் ரெண்டையும் வச்சு ஓட்டுவாய்ங்க, ‘ஒம்போது’ தான் பேரே. செகண்ட் இயர்ல ஒரு சீனியர் ரூம்ல தம் குடுத்தான், வாங்கி அடிச்சேன், இருமல. அன்னிக்குலேர்ந்து ஒரு கால்வாசி ஓட்டல் குறைஞ்சுது, உண்மையா சொல்றேன். அதுக்கப்புறம் கண்ணாடி முன்னாடி நின்னு சிகரெட்ட எப்படி பிடிக்கணும்னு பழகினேன், ரெண்டு விரலுக்கு நடுவுல நுனில பிடிச்சா பொம்பள மாதிரி இருக்குமாம், கட்டைவிரலும் ஆள்காட்டியும் வச்சு உள்ளங்கைக்குள்ள மறைச்சாப்ல பிடிச்சா ஆம்பளயாம். யாரு இந்த ரூல் போட்டான்னு தெரியல. நம்ம ஊர்ல ரஜினி தூக்கிப் போட்டு வாய்ல பிடிச்சத பாத்து வளந்த ஜெனரேஷனோட தம்பிங்க நாங்க, அதுதான் ஆம்பளத்தனத்துக்கு அட்மிஷன் கார்டுன்னு ஆகிப்போச்சு.

இப்ப நான் ‘கே’ன்னு என் பிரண்ட்ஸ்கிட்ட சொல்லியாச்சு, யாருக்கும் நிரூபிக்க ஒண்ணும் இல்ல, ஆனா தம் மட்டும் போக மாட்டேங்குது.

கரிசல்_காளை எழுதியது:

தம்பி சொன்னதுல எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு ஒரு பக்கம் வலி. நான் திருநம்பி. நீங்க ஆம்பளயா இல்லன்னு மத்தவங்க சொன்னதுக்காக அடிச்சீங்க, நான் ஆம்பளன்னு யாருமே சொல்லலங்கிறதுக்காக அடிச்சேன். மீசை முளைக்காத காலத்துல டீக்கடைல போய் ‘அண்ணே ஒரு ஃபில்டர்’னு கேட்டா கடைக்காரர் ‘என்ன தம்பி’ன்னு நீட்டுவாரு. அந்த ‘தம்பி’ய கேக்கிறதுக்காகவே தினமும் போனேன், வீட்ல ஒரு நாள் கூட கிடைக்காத வார்த்தை. இப்ப டெஸ்டோஸ்டிரோன், அதாவது ஆண் ஹார்மோன் போடுறேன், குரல் உடைஞ்சாச்சு, கடைக்காரர் இப்ப ‘சார்’ங்கிறாரு. மேல் சர்ஜரிக்கு (மார்ப எடுக்கிற ஆபரேஷன்) டாக்டர பாத்தப்ப மொத கேள்வியே சிகரெட்டு உண்டான்னுதான், புகை பிடிச்சா காயம் ஆறுறது லேட்டாகும், தையல் போட்ட தோல் கருகக்கூட வாய்ப்பு இருக்குன்னாரு. அதனால இப்ப விட்டே ஆகணும்ங்கிற கட்டாயம்.

பனிக்குல்லா எழுதியது:

சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருக்கேன், 93ல படிக்க வந்தவன், இந்த இழைய படிச்சதும் எழுதாம இருக்க முடியல. நீங்க எல்லாரும் நம்ம மனசுக்குள்ள என்ன நடக்குதுன்னே பேசுறீங்க. அந்த மனச நல்லா படிச்சு வச்சிருந்த இன்னொரு கூட்டம் இருக்கு, சிகரெட்டு கம்பெனிக்காரன்.

கேமல் சிகரெட்டு போடுற ஆர்.ஜே. ரேனால்ட்ஸ் கம்பெனி 90கள் நடுவுல இங்க ஒரு விற்பனைத் திட்டம் போட்டான். காஸ்ட்ரோ தெருவுல இருக்கிற கே ஆண்கள், டெண்டர்லாயின் பக்கம் இருக்கிற வீடில்லாதவங்க, இவங்கள குறி வச்சு. அதுக்கு உள்ளுக்குள்ள வச்ச பேரு ப்ராஜெக்ட் ஸ்கம். சப்கல்ச்சர் அர்பன் மார்க்கெட்டிங்கோட முதல் எழுத்துங்கதான்னு சொல்லிக்கலாம், ஆனா அந்த வார்த்தைக்கு கழிசடைன்னு அர்த்தம்னு தெரியாமலா வச்சிருப்பான்? அப்புறம் யாரோ ஒருத்தனுக்கு உறுத்தியிருக்கு போல, ஒரு தாள்ல ஸ்கம்ங்கிறத அடிச்சுட்டு சவர்டோன்னு கையால எழுதியிருக்கான், இந்த ஊர் புளிச்ச ரொட்டி பேரு அது. இது எல்லாம் கோர்ட் கேசுங்க வழியா வெளிய வந்த தாளுங்க. 1998ல 46 மாநிலங்களோட கம்பெனிங்க போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம் லட்சக்கணக்குல பொதுவுக்கு வந்துச்சு, இங்க கலிபோர்னியா யுனிவர்சிட்டி லைப்ரரி சைட்டுல இன்னிக்கும் யார் வேணும்னாலும் படிக்கலாம்.

இதவிட எனக்கு வயித்தெரிச்சல் குடுக்கிற கதை, எய்ட்ஸுக்காகப் போராடின ஆக்ட் அப்ங்கிற அமைப்போட கதை. எய்ட்ஸ்ல பசங்க கொத்துக்கொத்தா செத்துட்டு இருந்த நேரம். நார்த் கரோலினா செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ், நமக்கு எதிரா பேசியே பேர் வாங்கின ஆளு, அவருக்கு பிலிப் மாரிஸ் கம்பெனி பணம் குடுக்குதுன்னு 1990ல ஆக்ட் அப் அந்தக் கம்பெனியோட மார்ல்பரோ சிகரெட்டையும் மில்லர் பீரையும் வாங்காதீங்கன்னு போராட்டம் ஆரம்பிச்சுது. பார்ல எல்லாம் பாட்டில கீழ கொட்டினாங்க. கடைசில எப்படி முடிஞ்சுது தெரியுமா? கம்பெனி எய்ட்ஸ் வேலைகளுக்கு நிதிய கூட்டித் தர்றேன்னு 1991ல ஒத்துக்கிட்டான், போராட்டம் முடிஞ்சுது. 1992ல அதே கம்பெனியோட பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் சிகரெட்டு விளம்பரம் ஜான்ராங்கிற கே பத்திரிகைல வருது. எதிரியா நின்னவன் வாடிக்கையாளரா மாறிட்டான்.

அந்த நேரத்து மனச நீங்க புரிஞ்சுக்கணும். பெரிய கம்பெனி எவனும் நம்ம பத்திரிகைல விளம்பரம் குடுக்க மாட்டான், அசிங்கம்னு நினைப்பான். அப்ப ஒருத்தன் பளபளன்னு முழுப் பக்கம் குடுக்கிறான். எங்களுக்கு கோபம் வரணும், வரல, ‘பரவால்ல, நம்மளையும் மனுஷனா நினைச்சு கடை விரிக்கிறான்’னு சந்தோஷம்தான் வந்துச்சு. பெத்தவங்க போட்டோல இருந்து என்ன வெட்டி எடுத்த காலம் அது. எவன் வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்பிட்டாலும் உள்ள போயிருப்பேன்.

ஆலமரம் சொன்ன அந்த ‘நிக்கிற இடம்’ இங்கயும் பார்தான். 1969ல நியூயார்க் ஸ்டோன்வால்ல போலீஸுக்கு எதிரா நம்ம ஆளுங்க கலவரம் வெடிச்சதே ஒரு பார்ல, நமக்கு ஒண்ணு கூடுறதுக்கு வேற இடமே கிடையாதுங்கிறதுக்கு அதவிட சாட்சி வேணுமா. 1998 ஜனவரில கலிபோர்னியா பார்ல புகைக்கத் தடை போட்டுச்சு. கூட்டம் கதவுக்கு வெளிய வந்து நின்னுச்சு, அவ்ளோதான். உள்ள பாட்டு சத்தத்துல பேச முடியாது, வெளிய நின்னா பேசலாம். என் வீட்டுக்காரர நான் பாத்ததே அந்த நடைபாதைலதான், அவரு சிகரெட்டே பிடிக்காத ஆளு, பேசுறதுக்காக ஒண்ணு கடன் கேட்டு இருமிட்டு நின்னாரு.

மாட்டுத்தாவணி_மைனர் எழுதியது:

அண்ணே கதை நல்லா இருக்கு. ஆனா நம்ம ஊர்ல எந்தக் கம்பெனிக்காரன் நம்மள தேடி வந்தான்? விளம்பரமே 2003 புகையிலை சட்டத்தோட போச்சு. இங்க எவனும் வலை விரிக்கல, நாமளா போய் விழுந்தோம்.

நீலாம்பரி எழுதியது:

மைனர் சார், வலை இல்லன்னு யாரு சொன்னா? பெட்டிக்கடைல ஒண்ணே ஒண்ணு லூசா குடுக்கிறானே, அதவிட என்ன வேணும். பாக்கெட்டு வாங்கினா பேக்ல வச்சு அம்மா கண்ணுல படும்னு பயம் இருக்கும். லூசுல ஒண்ணு வாங்கி அங்கயே அடிச்சு, கடைல தொங்குற லைட்டர்ல பத்த வச்சு, ஒரு ஹால்ஸ் வாங்கிப் போட்டுட்டு வீட்டுக்குப் போனா தடயமே இல்ல. மறைச்சு வாழுற ஆளுங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.

நான் கோயம்புத்தூர் பொண்ணு, பை. டாக்டர் போற போக்குல பை பெண்கள்னு ஒரு வரி சொன்னாரு, அங்கதான் நான் நின்னுட்டேன். நம்ம நாட்டுல 2016-17ல எடுத்த புகையிலை சர்வேல ஆண்கள் 19 சதவீதம் புகைக்கிறாங்க, பெண்கள் 2 சதவீதம். அதுல பீடி சுத்துற, பிடிக்கிற பாட்டிங்களும் அடக்கம். அந்த 2ல நான் ஒருத்தி. ஒரு பொண்ணு டீக்கடைல தம் வாங்குனா கடையே திரும்பிப் பாக்கும். ஏற்கனவே ‘கெட்டுப்போனவ’ லிஸ்ட்ல பேர் இருக்கிறவளுக்கு அது ஒரு விதத்துல விடுதலை மாதிரி இருந்துச்சு, எப்படியும் திட்டத்தான் போறீங்க, இந்தா பாத்துக்கோங்கன்னு.

அப்புறம் பையா இருக்கிறதுல ஒரு தனிக் கொடுமை. ஸ்ட்ரெயிட் ஆளுங்களுக்கு நான் அசிங்கம். லெஸ்பியன் குரூப்புல ‘நீ கடைசில ஒரு மாப்பிள்ளைய கட்டிட்டு போயிடுவ’ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்க. ரெண்டு பக்கமும் வாடகை வீடு. அந்த குரூப்புல என்ன ஒருத்தி சேத்துக்கிட்டான்னா அது வெளிய தம் அடிக்கப் போறப்ப ‘வர்றியா’ன்னு கேட்டதுதான். மேயர் லிஸ்ட்ல இது எங்க வருதுன்னு தெரியல, வெளிய இருந்து வர்ற ஒதுக்கல விட உள்ள இருந்து வர்றது எனக்கு அதிகமா சுட்டுச்சு.

சும்மா_ஒருத்தன் எழுதியது:

வேப் அடிச்சா பரவால்லையா? ஒரு பிரண்டு வாங்கித் தர்றேன்னான், யாருக்காச்சும் வேணும்னா

நெறியாளர் எழுதியது:

தம்பி இங்க வேண்டாம். இ-சிகரெட் விக்கிறது, வாங்கித் தர்றது எல்லாம் 2019 சட்டப்படி தடை. அடுத்த வரிய தூக்கியாச்சு. இழை நல்லா போகுது, தொடருங்க.

கனகாம்பரம் எழுதியது:

படிச்ச புள்ளைங்க எல்லாம் பேசிட்டீங்க, நான் கொஞ்சம் சொல்றேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க, போன்ல பேசித்தான் டைப் ஆகுது.

நான் திருநங்கை, விழுப்புரம் பக்கம். வீட்ட விட்டு வந்தப்ப சோறு போட்டது எங்க குரு, மொத பீடி குடுத்தது கூட இருந்த அக்கா. பகல் பூரா கடை கடையா போய் காசு கேட்டுட்டு வருவோம், பத்து கடைல ரெண்டு கடைக்காரன் கேவலமா பேசுவான், ஒருத்தன் தண்ணிய எடுத்து ஊத்துவான். சாயங்காலம் வந்து எல்லாரும் காலை நீட்டி உக்காந்து அன்னிக்கு நடந்தத சொல்லி சொல்லி சிரிப்போம். அழுதா தாங்காது, அதனால சிரிப்போம். அந்த நேரத்துல பீடி சுத்தி வரும். ஒரே பீடி நாலு பேர் கைக்கு போகும். எச்சின்னு எவளும் பாக்க மாட்டா. குடிச்ச டம்ளர பெத்தவளே தனியா எடுத்து வச்ச ஆளுங்க நாங்க, எங்களுக்கு ஒருத்தி வாய்ல வச்சத குடுக்கிறான்னா அதுக்கு என்ன விலைன்னு நீங்களே சொல்லுங்க.

ராத்திரி பைபாஸ்ல தொழிலுக்கு நிக்கிறப்ப அது வேற கணக்கு. கைல நெருப்பு இருக்கணும். வண்டிய நிறுத்தி நாலு பேர் இறங்கி கைய பிடிச்சு இழுத்தா கத்தினா எவனும் வர மாட்டான். சிகரெட்டு நுனிய காட்டினா ஒரு அடி பின்னால போவான், அந்த ஒரு அடில ஓடிடலாம். என் சேலை கொசுவத்துல எல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்கும், எதுக்குன்னு கேட்டு ஒரு தையக்காரம்மா திட்டினாங்க.

அதனால புகை விடுன்னு ஒரு என்ஜிஓ பொண்ணு வந்து நுரையீரல் படம் காட்டினா எனக்கு சிரிப்புதான் வரும். 60 வயசுல வர்ற கேன்சர பத்தி பேசுது பாப்பா, நான் வியாழக்கிழமைய தாண்டுவேனான்னு பாத்துட்டு இருக்கேன்.

ஸ்டெத்_மறந்த_டாக்டர் எழுதியது:

கனகாம்பரம் அக்கா, உங்க பதிவ ரெண்டு தடவ படிச்சேன். எங்க டிபார்ட்மென்ட் செமினார்ல எவனும் இவ்ளோ தெளிவா சொல்லல. 60 வயசு கேன்சர நான் பேச வரல, வியாழக்கிழமைக்கே ஆபத்தான ஒண்ணு இருக்கு, அத மட்டும் சொல்லிடுறேன்.

மெடிக்கல்ல கருத்தடை மாத்திரைய வாங்கி மார்பு வளரணும்னு தினமும் ரெண்டு மூணுன்னு போடுறவங்க நம்ம ஆளுங்கள்ல இருக்காங்க. அதுல இருக்கிற ஈஸ்ட்ரோஜன் வகை ரத்தக்கட்டு வர்ற வாய்ப்ப நல்லா ஏத்தும். 35 வயசுக்கு மேல தினம் 15 சிகரெட்டுக்கு மேல பிடிக்கிற பெண்களுக்கு அந்த மாத்திரைய குடுக்கவே கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அது ஒரு மாத்திரைக்கு. நம்ம ஆளுங்க போடுறது அதுக்கு மேல. ஒரு காலு மட்டும் திடீர்னு வீங்கி கெண்டைச்சதை வலிச்சா, மூச்சு திணறினா, அன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்கு போகணும். ஹார்மோன நிறுத்துங்கன்னு சொல்லல, டாக்டர் பாத்துக் குடுக்கிற வகையும் அளவும் இதவிட எவ்ளோ மேல. தோல்ல ஒட்டுற, தடவுற வகை கிடைச்சா இன்னும் நல்லது.

இன்னொண்ணு, ஹெச்ஐவி பாசிட்டிவா இருக்கிற நண்பர்களுக்கு. டென்மார்க்ல 2013ல வந்த ஆய்வு, ஏஆர்டி, அதாவது ஹெச்ஐவிக்கு குடுக்கிற மாத்திரை ஒழுங்கா கிடைக்கிற ஊர்ல பண்ணினது. அங்க ஹெச்ஐவி உள்ள புகைக்கிறவங்க புகையால இழக்கிற ஆயுசு 12.3 வருஷம், ஹெச்ஐவியால இழக்கிறது 5.1 வருஷம். மாத்திரைய ஒரு வேளை கூட தவற விடாம போட்டுட்டு, அந்த மாத்திரைய முழுங்கிட்டு வெளிய வந்து ஒரு தம் பத்த வைக்கிறத நான் ஏஆர்டி சென்டர் வாசல்ல நேர்ல பாத்திருக்கேன்.

அடையாறு_ஆலமரம் எழுதியது:

டாக்டர், ‘டாக்டர போய் பாருங்க’ன்னு சுலபமா சொல்லிட்டீங்க. எங்களுக்கு அங்கதான் மாட்டுது. நான் தூக்கம் வரலன்னு ஒரு மனநல டாக்டர்கிட்ட போனேன், ஊர் பேர் வேணாம். தம் அடிக்கிறத பத்தி பேச்சு வந்துச்சு, ஏன் டென்ஷன்னு கேட்டாரு, சொன்னேன். அதோட தூக்கத்த பத்தின பேச்சும் போச்சு சிகரெட்ட பத்தின பேச்சும் போச்சு, கல்யாணம் பண்ணினா எல்லாம் சரியாயிடும், வீட்டாள கூட்டிட்டு வாங்கன்னு ஆரம்பிச்சுட்டாரு. வெளிய வந்ததும் ஒண்ணு பத்த வச்சேன், வேற என்ன பண்ண.

ஸ்டெத்_மறந்த_டாக்டர் எழுதியது:

அத கேட்டா எனக்கே வெக்கமா இருக்கு. சட்டப்படி அவரு அப்படி பேசக் கூடாது. 2021ல மெட்ராஸ் ஹைகோர்ட்ல ஆனந்த் வெங்கடேஷ் நீதிபதி குடுத்த உத்தரவு இருக்கு, அவரு தீர்ப்பு எழுதறதுக்கு முன்னாடி தனக்கே இது புரியணும்னு ஒரு உளவியலாளர்கிட்ட போய் உக்காந்து கேட்டுட்டு வந்தாரு. அதத் தொடர்ந்து 2022ல நேஷனல் மெடிக்கல் கமிஷன், மாத்திடுறேன்னு வைத்தியம் பண்றது தொழில் ஒழுங்கீனம்னு சொல்லிடுச்சு. புகார் குடுக்கலாம். குடுத்தா பேர் வெளிய வரும்னு பயப்படுவீங்க, அதுவும் தெரியும்.

ஆள நேர்ல பாக்க வேணாம்னா 1800-11-2356, அரசாங்க குயிட்லைன், அதாவது புகையிலைய விட உதவுற போன் லைன், காசு கிடையாது, தமிழ்லயும் பேசுவாங்க. நீங்க யாரு, யாரோட வாழுறீங்கன்னு சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. எப்ப எப்ப கை போகுதுன்னு மட்டும் சொன்னா போதும்.

பனிக்குல்லா எழுதியது:

இங்க 2016ல எஃப்டிஏ, அதாவது அமெரிக்க உணவு மருந்து அமைப்பு, நம்ம பசங்களுக்குன்னே ஒரு பிரச்சாரம் ஆரம்பிச்சுது, திஸ் ஃப்ரீ லைஃப்னு, 18லேர்ந்து 24 வயசு, எப்பவாச்சும் ஒண்ணு அடிக்கிற கூட்டம்தான் குறி. எனக்கு அதுல பிடிச்சது நுரையீரல் படம் காட்டாததுதான். நீ நீயா இருக்கிறதுக்கு எவ்ளோ போராடின, அத இதுக்கு ஏன் அடகு வைக்கிறங்கிற மாதிரி போச்சு. ஆனா பாருங்க, நம்மள தனியா புரிஞ்சுக்கிட்டு பேசணும்னு சிகரெட்டு கம்பெனிக்கு தோணி இருபது வருஷம் கழிச்சுத்தான் கவர்மென்ட்டுக்கு தோணுச்சு.

நான் விட்டது பிரச்சாரத்தால இல்ல. வீட்டுக்காரர் சாயங்காலம் நடக்கப் போவாரு, கூட நடந்தேன். நடைபாதைல பேசினத நடந்துட்டே பேசினோம், அவ்ளோதான் வித்தியாசம். கொஞ்சம் சதை போட்டுது. விட்டா மொத வருஷத்துல சராசரியா நாலஞ்சு கிலோ ஏறும்னாங்க. கே ஆளுங்களுக்கு அது சாதாரண விஷயம் இல்ல, ஜிம் பாடி இல்லன்னா திரும்பிப் பாக்க மாட்டான்னு பயந்தே எத்தனையோ பேரு விடாம இருக்கான்.

அடையாறு_ஆலமரம் எழுதியது:

அண்ணன் சொன்னதுதான் நானும் சொல்ல வந்தேன். பசங்களுக்கு ‘விடு’ன்னு சொன்னா இடத்தையும் சேத்து விடுன்னு சொல்ற மாதிரி ஆயிடுது. நீலாம்பரிய கூப்பிட்ட அந்த ‘வர்றியா’, காளைக்கு கிடைச்ச ‘தம்பி’, அக்காவோட அந்த சாயங்காலம், இத எல்லாம் எடுத்துட்டு கைல ஒரு நோட்டீஸ் குடுத்தா எவன் விடுவான். அதனால நம்ம மீட்டப்ப மாத்தலாமா? அரை மணிக்கு ஒருக்கா எல்லாருக்கும் பிரேக் விடுவோம், தம் அடிக்காதவங்களும் வெளிய வரணும். இப்ப உள்ள தனியா மாட்டிக்கிறவங்க எல்லாம் தம் அடிக்காதவங்கதான், புதுசா வர்ற பையன் ரெண்டாவது வாரமே கைல சிகரெட்டோட நிக்கிறதுக்கு அதுதான் காரணம்னு நினைக்கிறேன்.

நீலாம்பரி எழுதியது:

நல்ல யோசனை. ஆனா வெளிய வந்து கைய என்ன பண்றது? விளையாட்டுக்கு கேக்கல, நிஜமாவே கைக்கு ஒரு வேலை வேணும்.

கரிசல்_காளை எழுதியது:

நான் வேர்க்கடலை உரிக்கிறேன். தோல் போட ஒரு கவர் கொண்டு வாங்க, இல்லன்னா ஹால்காரர் சத்தம் போடுவாரு.

மாட்டுத்தாவணி_மைனர் எழுதியது:

சரி சரி, என் கேள்வி வேற. அந்த நிகோட்டின் சுவிங்கம் வாங்கித் தின்னு பாத்தேன், மூணு நாள்ல தூக்கிப் போட்டேன், விக்கல் விக்கலா வந்துச்சு, வாய் எல்லாம் மொளகா தின்ன எரிச்சல். காச புடுங்குற வேலைன்னு விட்டுட்டேன். யாருக்காச்சும் வேலை செஞ்சுதா? (ஸ்ட்ரெஸ்ஸு கதைய நான் இன்னும் நம்பல, அது வேற.)

ஸ்டெத்_மறந்த_டாக்டர் எழுதியது:

அண்ணே அத பபிள்கம் மாதிரி மென்னிருக்கீங்க. நாலஞ்சு கடி கடிச்சு, காரம் ஏறினதும் நிறுத்தி கன்னத்துல ஒதுக்கி வைக்கணும். காரம் அடங்கினதும் மறுபடி கடி. அரை மணி நேரம் ஒரு கம்மு. எச்சில முழுங்கிட்டே இருந்தா விக்கல்தான் வரும், மருந்து ஏறாது. 2 மில்லிகிராம் சீட்டு இல்லாம மெடிக்கல்ல கிடைக்கும், எழுந்து அரை மணிக்குள்ள மொத சிகரெட்டு தேடுற ஆளுன்னா அது பத்தாது, 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேணும். முக்கியமா டீ, காபி குடிச்சுட்டு கால் மணி நேரம் போகட்டும், வாய் புளிப்பா இருந்தா ஏறாது.

மாட்டுத்தாவணி_மைனர் எழுதியது:

டீயும் கூடாதா? அப்புறம் டீக்கடைல போய் என்னத்தய்யா பண்றது.

கனகாம்பரம் எழுதியது:

டாக்டர் தம்பி, அந்த மாத்திரை விஷயம் எங்க புள்ளைங்ககிட்ட சொன்னேன், ரெண்டு பேர் பயந்துட்டாளுங்க. நீங்க சொன்ன கால் வீக்கம் ஒருத்திக்கு இருக்கு. நாளைக்கு கூட்டிட்டு போறேன், எந்த ஓபின்னு எனக்கு தனியா மெசேஜ் பண்ணுங்க. நான் விடுவேன்னு சொல்லல. பகல்ல குறைச்சுப் பாக்குறேன், ராத்திரிக்கு கைல நெருப்பு வேணும், அதுக்கு வேற என்ன வழின்னு யாராச்சும் சொன்னா சரி.

ஸ்டெத்_மறந்த_டாக்டர் எழுதியது:

நாளைக்கு வேணாம்க்கா, இப்பவே கூட்டிட்டு போங்க, எமர்ஜென்சிலயே பாப்பாங்க. மெசேஜ் பண்ணிட்டேன்.

நீலாம்பரி எழுதியது:

அக்கா, பெப்பர் ஸ்ப்ரே நான் வச்சிருக்கேன், ஆன்லைன்ல கிடைக்கும், காத்து நம்ம பக்கம் அடிச்சா நமக்கே வரும், அத மட்டும் பாத்துக்கணும். உங்களுக்கும் புள்ளைங்களுக்கும் நான் வாங்கி அனுப்புறேன், அட்ரஸ் இங்க போடாதீங்க, தனியா அனுப்புங்க.

அடையாறு_ஆலமரம் எழுதியது:

ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்கன்னு அக்கா வந்து சொல்லுங்க, காத்திருக்கோம். அடுத்த மீட் ஞாயித்துக்கிழமை. ஹாலுக்குப் பதிலா பீச்சுல நடக்கலாம்னு ஒரு யோசனை, பனிக்குல்லா அண்ணன் ஸ்டைல்ல. பெசன்ட் நகர் 5 மணி?

சும்மா_ஒருத்தன் எழுதியது:

பெசன்ட் நகர் வேணாம்ணே, எங்க மாமா அங்கதான் வாக்கிங் வருவாரு. திருவான்மியூர் பக்கம் வச்சுக்கலாமா?